பெயர் தெரிந்த பின்னரே மருந்து: சென்னையில் பணியாற்றிய டாக்டர் சார்லஸ் டானவன்

சரக்கு இன்னதென்று அறியாமல் விலை கூறுகிறவன் வணிகத்தில் நெடுநாள் நிலைப்பதில்லை. மூட்டையின் மேல் எழுதியிருந்த பெயரை நம்பி வாங்கிவிட்டு, அவிழ்த்துப் பார்த்தபின் கைபிசைந்து நின்றவர்கள் எல்லாக் கடைத்தெருக்களிலும் உண்டு. அதனாலேயே நம் முன்னோர் மூட்டையைக் குத்தூசியால் குத்தி, உள்ளிருந்து வந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகே பேரம் பேசினார்கள். மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது மற்றொன்று என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

மருத்துவத்திலும் இதே நியதிதான். நோயின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால், பிறகு கொடுக்கும் மருந்தெல்லாம் வீண். ஒரு பெரிய நோய்க்குப் பல்லாண்டுக் காலம் தவறான பெயர் எழுதப்பட்டிருந்ததையும், அந்தப் பெயரை நம்ப மறுத்து உள்ளே இருப்பதைத் தம் கண்ணால் பார்த்த ஒரு டாக்டரின் வரலாற்றையும் இவ்விதழில் நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவர் வேற்று நாட்டவரே. ஆயினும் அவர் பணி செய்த இடம் சென்னை. அவர் பார்த்த நோயாளிகள் தமிழ் மண்ணின் மக்கள். சிராங்கூன் சாலையிலும் மார்க்கெட் தெருவிலும் தொழில் செய்யும் நம்மவரின் பாட்டனார்கள் கப்பலேறி இக்கரை வந்துகொண்டிருந்த அதே காலத்தில், சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே உள்ள ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் நுண்பெருக்கிக் கண்ணாடியின் முன் அமர்ந்திருந்தார்.

இரு நோய்கள், ஒரே குடும்பம்

மேற்கு ஆசிய நாடுகளில் குழந்தைகளின் முகத்திலும் கை கால்களிலும் உண்டாகும் ஒருவகைப் புண் நெடுங்காலமாக மக்களுக்குத் தெரிந்ததே. முதலில் பூச்சி கடித்தாற்போன்ற ஒரு சிறு பரு தோன்றும். வலி இராது. வாரங்கள் செல்லச் செல்ல அது பருத்து, நடுவில் குழிவு விழுந்து, எளிதில் ஆறாத புண்ணாகிவிடும். பல மாதங்கள் கழித்து, சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் சென்று, தானே ஆறும். ஆனால் ஆறிய இடத்தில் வாழ்நாள் முழுவதும் மறையாத வடு நிற்கும். அலெப்போ நகரத்தில் அதற்கு அலெப்போப் புண் என்று பெயர். பக்தாதில் பக்தாத் புண். டில்லியில் டில்லிப் புண். ஹக்கீம் இப்னு ஸீனா (980–1037) அவர்கள் எழுதிவைத்த பல்கு நகரத்துப் புண்ணும் இதுவே என்று மருத்துவ வரலாறு எழுதியவர்கள் கருதுகின்றனர். ஒரு தடவை வந்தவருக்கு மறு தடவை பெரும்பாலும் வருவதில்லை என்பதை அந்நாட்டுத் தாய்மார்கள் கண்டறிந்திருந்தார்கள். ஆகவே பிள்ளையின் முகத்தில் வடு விழாதிருக்க, உடையால் மறையும் இடத்தில் வேண்டுமென்றே அப்புண்ணை உண்டாக்கும் வழக்கம் சில ஊர்களில் இருந்தது.

இது தோலோடு நிற்கும் நோய். இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு நோய் உடலுக்குள் புகுந்து ஆளையே கொல்லும். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் அதற்குக் காலா ஆஸார், அதாவது கறுப்பு நோய், என்று பெயர். வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி வயிறு பெருக்கும். கை கால்கள் சூம்பும். மேனி கறுக்கும். மருந்தில்லாத அக்காலத்தில், பிடித்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அவர்களில் குழந்தைகள் மிகப் பலர். சென்னை நகரிலும் இந்நோய் இருந்தது. ஆனால் அதன் உண்மைப் பெயர் அங்கு ஒருவருக்கும் தெரியாது. நாட்பட்ட மலேரியா என்று குறித்துக்கொண்டு, டாக்டர்கள் குயினா மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறப்பும் கல்வியும்

சார்லஸ் டானவன் 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய குடும்பம் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் ஆங்கிலேய ஆட்சியின் கீழ் இந்தியாவில் நீதிபதியாக இருந்தவர். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவரான டானவன், தொடக்கக் கல்வியை இந்தியாவிலேயே கற்றார். பிறகு அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே வளர்ந்தார். டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார்.

1891ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளில் படைகளோடு பர்மாவுக்கும் ஆப்கானிஸ்தான் எல்லைப் பக்கமும் செல்ல நேர்ந்தது. 1898ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதன்பின் பணிக்காலம் முடியும் வரை சென்னையே அவர் ஊராயிற்று. கல்லூரியில் உடலியல் பாடம் நடத்துவார். ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளையும் கவனிப்பார். கற்பிப்பதும் சிகிச்சை செய்வதும் ஒருவரிடமே இருந்தது பெரும் நன்மையாக முடிந்தது. பாடத்தில் படித்தது படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குப் பொருந்துகிறதா என்று அவர் ஒவ்வொரு நாளும் ஒத்துப்பார்க்க முடிந்தது.

பெரியோர் எழுதிய பெயர்

அக்காலத்தில் மலேரியா என்ற பெயருக்கு இருந்த செல்வாக்கை நாம் நினைவில் கொள்ளவேண்டும். பிரெஞ்சு டாக்டர் லவரான் 1880ஆம் ஆண்டில் மலேரியாக் கிருமியை இரத்தத்தில் கண்டுபிடித்தார். ரொனால்ட் ராஸ் 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் அக்கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அதற்காக 1902ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். அந்த ராஸ் அவர்களே அஸ்ஸாமுக்குச் சென்று காலா ஆஸார் நோயை ஆராய்ந்து, அதுவும் மலேரியாவைச் சேர்ந்ததே என்று 1899ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்திருந்தார். உலகப் புகழ் பெற்ற ஒருவர் எழுதிய பெயரை, சென்னையில் பாடம் நடத்தும் ஒரு டாக்டர் ஐயுறுவது எளிதல்ல.

ஆனால் டானவனுக்கு ஐயம் இருந்தது. மலேரியாவாக இருந்தால் இரத்தத்தில் அக்கிருமி தென்படவேண்டும். இந்த நோயாளிகளிடம் தென்படவில்லை. மலேரியாவாக இருந்தால் குயினாவுக்குக் காய்ச்சல் பணியவேண்டும், பணியவில்லை. கணக்கு இரண்டு இடங்களில் உதைத்தது.

இதற்கிடையில் இங்கிலாந்தின் நெட்லி நகரில் இருந்த படை மருத்துவர் வில்லியம் லீஷ்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் காய்ச்சல் கண்டு, நாடு திரும்பி 1900ஆம் ஆண்டில் இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் மிகச் சிறிய முட்டை வடிவப் பொருள்களைத் தாம் கண்டதாக அதில் எழுதியிருந்தார். 1903ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அக்கட்டுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் கிருமி, ஆள் இறந்த பிறகு சிதைந்து இவ்வடிவம் பெற்றிருக்கலாம் என்பது லீஷ்மனின் ஊகம்.

அதே பொருள்களைச் சென்னையில் டானவன் முன்னமே கண்டிருந்தார். நாட்பட்ட மலேரியா என்று எழுதப்பட்டு இறந்தவர்களின் மண்ணீரலில் அவை இருந்தன. ஆனால் இறந்தவர்களிடம் கண்டதைக் கொண்டு மட்டும் வழக்கை முடிக்க முடியாது. சிதைந்த கிருமி என்ற லீஷ்மனின் ஊகத்துக்கு அதில் மறுப்பு இல்லையல்லவா?

பன்னிரண்டு வயதுச் சிறுவன்

வழக்கை முடித்தது ஒரு சிறுவனின் ஒரு சொட்டு இரத்தம். 1903ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஒழுங்கற்ற காய்ச்சலால் அவதிப்பட்ட 12 வயதுச் சிறுவன் ஒருவன் டானவனின் பார்வையில் இருந்தான். அவனுடைய வீங்கிய மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி, சிறிது இரத்தம் எடுத்து, உடனே நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதே முட்டை வடிவப் பொருள்கள் அங்கும் இருந்தன.

இது சிறு காரியமல்ல. மண்ணீரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. ஊசி தவறினால் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து நேரும். ஆனால் அந்த ஒரு சொட்டு ஐயத்தைத் தீர்த்துவிட்டது. உயிரோடிருக்கும் பிள்ளையின் புதிய இரத்தத்தில் காணப்படும் பொருள், ஆள் இறந்தபின் சிதைந்து உண்டானதாக இருக்க முடியாது. அது தனி உயிர். அதுவரை பெயரிடப்படாத புதுக் கிருமி. மலேரியா என்ற சீட்டு ஒட்டியிருந்த மூட்டையில் இருந்தது முற்றிலும் வேறு சரக்கு!

1903ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் டானவனின் குறிப்பு அதே மருத்துவ இதழில் வெளிவந்தது. தாம் தயாரித்த கண்ணாடித் தகடுகளை அவர் பாரிஸில் லவரானுக்கும் இங்கிலாந்தில் ராஸுக்கும் அனுப்பிவைத்தார். கண்டவர் முந்தியவர் லீஷ்மனா டானவனா என்று ஒரு வாதம் எழுந்தது. அதை ராஸ் அழகாகத் தீர்த்தார். 1903ஆம் ஆண்டு நவம்பரில் அக்கிருமிக்கு இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டானவனி என்று பெயர் சூட்டினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்நோயை மலேரியா என்று எழுதியவர் அவரே என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். சான்று கைக்கு வந்ததும் பழைய கணக்கைத் திருத்தி எழுத அவர் கூசவில்லை. பங்காளிகள் இருவர் பெயரும் பேரேட்டில் சரியாக ஏறிற்று.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் என்ற டாக்டர், ஆர்மீனியாவிலிருந்து வந்த 9 வயதுச் சிறுமியின் ஆறாத புண்ணைச் சோதித்தார். அதில் அவர் கண்ட கிருமி, டானவனின் கிருமிக்கு உடன்பிறப்பு. இவ்வாறு சென்னையில் ஒரு சிறுவனும் பாஸ்டனில் ஒரு சிறுமியுமாக இரு குழந்தைகள், உள்நோயும் தோல்நோயும் ஒரே குடும்பம் என்பதை உலகுக்குக் காட்டினார்கள்.

மருந்து பிறந்த கதை

பெயர் தெரிந்ததும் மருந்து தேடும் வழி திறந்தது. பிரேசில் நாட்டில் காஸ்பர் வியன்னா 1912ஆம் ஆண்டில், அஞ்சனக் கல்லோடு சேர்ந்த உலோகமாகிய ஆன்டிமனியிலிருந்து செய்த உப்பைத் தோல்நோய்க்கு ஊசிவழிக் கொடுத்துக் குணம் கண்டார். 1915ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மருத்துவர்கள் அதே உப்பால் உள்நோய் கண்ட குழந்தைகளைப் பிழைக்கவைத்தார்கள். கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸும் அதே ஆண்டில் அதைக் கையாண்டார். ஆனால் அந்த உப்பு நோயாளியையும் வாட்டியது.

அக்குறையைத் தீர்த்தவர் கல்கத்தாவின் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி (1873–1946). கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் ஒரு சிறிய அறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்து, 1920ஆம் ஆண்டில் யூரியா ஸ்டிபமின் என்ற மருந்தை அவர் ஆக்கினார். சாவு நிச்சயம் என்றிருந்த நோயில் பிழைப்பவர்களே மிகுதி என்னும் நிலை வந்தது. அஸ்ஸாமில் எண்ணற்ற குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. உள்நோய் நீங்கிய சிலருக்குப் பின்னர்த் தோலில் தேமலும் முண்டுகளும் தோன்றுவதை 1922ஆம் ஆண்டில் விளக்கிக் கூறியவரும் அவரே.

நோய் எதனால் பரவுகிறது என்ற கேள்விக்கு விடை பல்லாண்டு கிடைக்கவில்லை. கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டன் மூட்டைப்பூச்சியைக் குற்றம் சாட்டினார். டானவன் மூட்டைப்பூச்சிக்கு உறவான வேறொரு பெரிய பூச்சியின்மேல் ஐயம் கொண்டார். இருவர் எண்ணமும் சரியல்ல. கொசுவை விடச் சிறியதும் ஓசையின்றிப் பறப்பதுமாகிய மணல் ஈயே இந்நோயைப் பரப்புவது என்பதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் 1942ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார்கள். ஒரு காரியத்தில் வென்றவர் எல்லாக் காரியத்திலும் வெல்வார் என்ற நியதி அறிஞர்களுக்கும் இல்லை.

பிற்கால வாழ்வு

1905ஆம் ஆண்டில் டானவன் சென்னை நோயாளிகளிடமே வேறொரு புண்நோயின் கிருமியையும் கண்டறிந்தார். அந்நோய்க்கு அவர் பெயரே இன்றும் வழங்குகிறது. ராயப்பேட்டையில் அரசினர் புதிய மருத்துவமனை அமைத்தபோது அதன் முதல் தலைமை மருத்துவராக அவரை அமர்த்தினார்கள். 1919ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை கல்லூரியிலும் மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது.

சிறியவற்றைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் ஓய்விலும் அவரை விடவில்லை. வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் ஆராய்ந்து, அயர்லாந்தில் காணப்படும் வகைகளின் பட்டியல் நூல் ஒன்றை 1936ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1951ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் தமது 88ஆம் வயதில் காலமானார்.

நமக்கு இதில் என்ன?

சிங்கப்பூரில் இந்நோய் பரவும் வழக்கம் இல்லை. நமக்கு எதற்கு இந்த வரலாறு என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நாம் ஊர் ஊராகச் செல்லும் கூட்டத்தார் என்பதே அதற்கு மறுமொழி. வணிகத்துக்கும் உறவினர் வீட்டுக்கும் யாத்திரைக்கும் செல்கிறோம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்கிறோம்.

நமக்கு அண்மையில் உள்ள இலங்கையையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டிலேயே தொற்றிய முதல் தோல்நோயாளி 1992ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டார். அம்பாந்தோட்டை, மாத்தறை, அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் முதலிய மாவட்டங்களில் பின்னர் அது பரவியது. 2008ஆம் ஆண்டு முதல் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது. வியப்பு என்னவென்றால், அங்கே குழந்தைகளின் தோலில் புண்ணை உண்டாக்குவது அதே லீஷ்மேனியா டானவனிதான். சென்னையில் உள்நோயாக இருந்து உயிரைக் குடித்த கிருமியின் ஒரு வகை, இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. ஆப்கானிஸ்தான், சிரியா, ஈராக், ஈரான், அரபு நாடுகளின் சில பகுதிகள் ஆகிய இடங்களில் இப்புண் இன்றும் உண்டு.

அவ்விடங்களுக்குச் சென்று திரும்பிய பிள்ளையின் முகத்திலோ கை கால்களிலோ வலியற்ற பரு ஒன்று தோன்றி, சில வாரங்களாகியும் மறையாமல் பெரிதாகி வந்தால் கவனம் தேவை. கடியுண்டு பல வாரங்கள், சில மாதங்கள்கூடக் கழிந்த பின்னரே பரு தோன்றும். அதனால் பயணத்தையும் பருவையும் சேர்த்து நினைக்கப் பெற்றோருக்குத் தோன்றுவதில்லை. சிரங்கு என்று எண்ணி ஒரு களிம்பு, படை என்று எண்ணி மற்றொரு களிம்பு என்று மாதங்கள் ஓடும். வடுவோ ஆழமாகும். மலேரியா என்று எண்ணிக் குயினா கொடுத்த கதைதான் இதுவும்.

டாக்டரிடம் செல்லும்போது, பிள்ளை எந்த நாட்டில் எந்த மாதத்தில் இருந்தது என்பதைப் பெற்றோர் தாமாகவே சொல்லவேண்டும். புண்ணின் ஓரத்திலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, சாயமேற்றி, நுண்பெருக்கியில் பார்ப்பதே இன்றைக்கும் முதல் சோதனை. டானவன் செய்த வேலையும் அடிப்படையில் இதுவே. கிருமி உறுதியானால் சிகிச்சை உண்டு. ஆன்டிமனி மருந்தைப் புண்ணைச் சுற்றி வாரம் ஒரு தடவை ஊசியால் செலுத்துவார்கள். அல்லது திரவ நைட்ரஜனால் புண்ணை உறையவைப்பார்கள். சில இடங்களில் வெப்பம் கொடுக்கும் முறையும் கையாளப்படுகிறது. எது ஏற்றது என்பது கிருமியின் வகையையும், புண் இருக்கும் இடத்தையும், பிள்ளையின் வயதையும் பொறுத்தது. முதலில் குடும்ப டாக்டரிடம் காட்டினால், வேண்டியபோது மாண்டலே சாலையிலுள்ள தேசியத் தோல் நிலையத்துக்கோ, லிட்டில் இந்தியாவை ஒட்டியுள்ள கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ அவர் அனுப்பிவைப்பார்.

வராமல் காப்பது அதனினும் நன்று. மணல் ஈ பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்களில் அது நுழைந்துவிடக்கூடும். நெருக்கமான கண்ணுள்ள, மருந்து ஏற்றிய வலை தேவை. மாலையில் பிள்ளைகளுக்குக் கை கால்களை மூடும் உடை அணிவித்து, பூச்சி விரட்டும் தைலமும் தடவவேண்டும்.

உள்நோயின் நிலை இன்று பெரிதும் மாறியிருக்கிறது. இந்தியாவில் இப்போது ஒரே தடவை இரத்தத்தில் ஏற்றும் மருந்தால் நோயைத் தீர்க்கிறார்கள். பங்களாதேஷ் நாடு இந்நோயை மக்களை வாட்டும் நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் உறுதி செய்தது. இவை யாவும் சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தோடு தொடர்புடையவை.

டானவன் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும், பின்வந்தவர்கள் மருந்து தேடுவதற்கு வேண்டிய சரியான பெயரைத் தந்தார். சரக்கைப் பார்க்காமல் விலை சொல்லாத நாம், பிள்ளையின் புண்ணுக்கும் அதே எச்சரிக்கையைக் காட்டவேண்டும். களிம்பு வாங்கக் கடைக்குப் போகுமுன், புண்ணின் பெயர் என்னவென்று டாக்டரைக் கேட்டறிவோமாக.